ஆய்வு எல்லை

பல் டாக்டர்கள் மூன்று நாள் மாநாடு முடித்து
மலையிறங்கிய மறுநாள்
குமுளிக் கடைத்தெருவில்
கையில் டேப்லெட்டோடு நான்.
நாளுக்கு அறுநூறு, பஸ் காசு தனி.

வழக்கமான நாளில் எவ்வளவு வரும்?
மாநாட்டு நாளில் எவ்வளவு வந்தது?
அதிலிருந்து இதைக் கழிக்க வேண்டும்.
மிச்சத்தைக் கொச்சியில் யாரோ
ஒன்று புள்ளி ஏழால் பெருக்குவார்கள்.
ஊருக்குள் வந்த ரூபாய் கை மாறிக் கை மாறி
ஒன்றே முக்காலாய்க் குட்டி போடுமாம்.
பயிற்சி வகுப்பின் பின்வரிசையில் ஒருவன் கேட்டான்:
"எங்க வீட்டு ரூபா மட்டும் ஏன் சார்
போனா போனதுதான்னு இருக்கு?"
சிரித்தோம். டீ வந்தது.

லாட்ஜ் பென்னிச்சன் முப்பத்திரண்டு அறையும்
நிறைந்த கணக்கைக் காட்டினார்.
மாதாமாதம் வரும் விருதுநகர் ஏலக்காய் வியாபாரியை
இடமில்லையென்று திருப்பி அனுப்பியதையும் சொன்னார்.
"அது எழுதணுமோ?"
அதற்குக் கட்டம் இல்லை.

ஓட்டல்காரர் சொன்னார்,
இலை கம்பத்திலிருந்து, பால் கூடலூரிலிருந்து,
காய் சின்னமனூர்ச் சந்தையிலிருந்து.
"கசிவு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
தொட்டேன்.

ஜீப் ஜக்கையனிடம்தான் கொழுத்த எண் கிடைத்தது.
வழக்கமாய் ஆயிரத்து எண்ணூறு:
விடியலில் கூடலூரில் பதினாலு பெண்களை ஏற்றி
சக்குப்பள்ளம் எஸ்டேட்டில் இறக்கி
சாயங்காலம் திரும்ப.
மாநாட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு:
டாக்டர்களும் குடும்பமும், மொட்டைப் பாறை,
மேகம் விலகும்வரை காத்திருப்பு.
மூன்று நாளில் எட்டாயிரத்து நூறு கூடுதல்.
மேற்பார்வையாளர் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

"அப்ப அந்தப் பொம்பளையாளுக?"
டயரை உதைத்துப் பார்த்தான்.
"நின்னாக. போயிட்டாக."

மறுநாள் அஞ்சரைக்கு நானே போய் நின்றேன்,
யாரும் சொல்லாமல், பஸ் காசு எழுதாமல்.
விருமாயி தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.
"மொத நா ஏழு மணி வரைக்கும் பாத்தோம்.
பெறகு மத்தியானச் சோத்த இங்கனயே
ரோட்டோரம் உக்காந்து தின்னுட்டு வீட்டுக்குப் போனோம்.
ரெண்டாம் நாளும் அப்படித்தான்.
மூணாம் நா எவளும் வரல."

கூலி ஐந்நூற்று இருபது.
பதினாலு பேர். மூன்று நாள்.
மனக்கணக்கில் இருபத்தோராயிரத்து எண்ணூற்று நாற்பது.
அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.
டேப்லெட்டில் கழித்தல் குறி இருந்தது.
ஆனால் முதலில் பின்கோடு கேட்டது.

அறுநூற்று எண்பத்தைந்தில் தொடங்கினால் ஊர்.
அறுநூற்று இருபத்தைந்தில் தொடங்கினால்
சிவப்பில் ஒரு வரி:
பதிலளிப்பவர் ஆய்வு எல்லைக்கு வெளியே. நன்றி.

எல்லை என்றால் செக்போஸ்ட் கம்பு.
நகரத்தின் லாபம் அதற்கு மேலே நிற்கிறது,
நட்டம் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி
லோயர் கேம்ப் தாண்டி
கூடலூரில் யார் வீட்டிலோ
அரிசிக் கடனாய் உட்கார்ந்திருக்கிறது.
நட்டத்துக்குப் பர்மிட் கேட்பதில்லை.

அதே கம்பியில் என் அறுநூறும் இறங்குகிறது.
மாநாட்டால் குமுளியில் உண்டான வேலை: நான்.
சம்பளம் செலவாகும் இடம்: கம்பம்.
பொத்தானைத் தொட வேண்டியது நான்தான்.

"இத எழுதிக் குடுத்தா காசு வருமாத்தா?"
"வராதுக்கா."
"பெறகெதுக்கு?"

ஜக்கையன் எண்ணைத் திரும்பத் திறந்து
குறிப்புகள் என்ற இடத்தில் அடித்தேன்.
ஐம்பது எழுத்துக்கு மேல் வாங்காது:
*பதினாலு பெண்கள், மூணு நாள் கூலி இல்லை, ஆளுக்கு ஐந்*

ஜீப் வந்துவிட்டது.
எட்டுப் பேர் வண்டிக்குள் பதினாலு பேரும்
வழக்கம்போல் ஒருவர் மடியில் ஒருவராய்.
கடைசியாய் ஏறிய விருமாயி
பின்கம்பியைப் பிடித்தபடி குரல் கொடுத்தாள்:

"அடுத்த மாநாடு என்னைக்குன்னு மட்டும்
கேட்டுச் சொல்லு தாயி.
அன்னைக்கு உலை வைக்காம இருப்போம்."