ஐந்து பகல் நான்கு இரவு

கல்யாணமாகிப் பதினாறு வருஷம்.
பாஸ்போர்ட் கைக்கு வந்து பதினாறு நாள்.
பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில்
கீரமங்கலத்து ஏஜெண்ட் பையன்
என்னைக் கேட்காமலே
'சுற்றுலா' என்று தட்டிவிட்டான்.

சாங்கியில் இவர் நின்ற தூணை
இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.
போனில் எப்போதும் மூக்குப் பெரிதாகி
நெற்றி பாதி வெட்டுப்பட்டுத்தான் இருப்பார்.
முழு ஆளாக, இஸ்திரி போட்ட சட்டையில்,
எனக்கென்று ஒரு ரயில் கார்டைப் பிடித்துக்கொண்டு
நிற்பார் என்று யார் கண்டது.

டன்லப் தெருவில் அறை.
ஜன்னல் இல்லாததற்கு இருபது வெள்ளி குறைத்தார்களாம்.
கட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.
மேலே இன்னொருத்தர் கட்டில் இல்லை.
நான் கூட்டி வைத்திருக்கிறேன்:
இதுவரை சேர்ந்திருந்தது நானூற்றுப் பதினொரு நாள்.
இதோடு நானூற்றுப் பதினாறு.

வீட்டில் சாப்பிட்ட தட்டை
ஒரு நாளும் நகர்த்தி வைக்காத மனிதர்
தேக்காவில் பிரியாணியை முடித்து எழுந்து
என் தட்டையும் தன் தட்டையும் அடுக்கி
அதை வைக்கிற இடம் தேடிப் போகிறார்.
இதற்கு ஒரு அரசாங்கம் தேவைப்பட்டிருக்கிறது.

"கோப்பி ஓ கோசோங்" என்றார் கடையில்.
பாலும் இல்லை, சீனியும் இல்லை.
எப்போதிலிருந்து?
"ஏழு வருஷமா."
லீவுக்கு வந்தபோதெல்லாம்
மூன்று கரண்டி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
குடித்திருக்கிறார்.

தெருவில் யாரோ "சேஃப்டி அண்ணே!" என்று கூப்பிட
இவர் திரும்பினார்.
மருதையன் என்று நான்தான்
ரகசியமாக வைத்துக்கொண்டிருந்தேன் போல.

மூன்றாம் நாள், கல்யாண நாள்.
உலகமே படம் எடுக்கிற நீர்க்கரைக்குக்
கூட்டிப் போவார் என்று பட்டுப்புடவை கட்டினேன்.
போனோம். படமும் எடுத்தோம். பத்து நிமிஷம்.
பிறகு பஸ் மாறி, பஸ் மாறி
பீஷானில் ஒரு மேம்பாலத்தின் அடியில் நிறுத்தினார்.
"பாப்பா பொறந்த சேதி இங்கனதான் வந்துச்சு."
மழைத்தண்ணீர் வடிகிற ஒரு தூண்.
அதைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.
அன்று என்னிடம்
"சிக்னல் சரியில்ல" என்றார்.

தோ பாயோவில் ஒரு பஸ் நிறுத்தம்.
சங்கிலியை அடகு வைத்ததற்கு
என்னைக் கத்தியது அங்கே நின்று.
நானும்தான் கத்தினேன்.
இங்கேயா வந்து விழுந்தது அதெல்லாம்?
அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.
ஒரு சீனத்து அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஜூரோங்கில் கார் நிறுத்தும் கட்டிடம், ஏழாவது மாடி.
என் அப்பா போனபோது
இவர் வர முடியாமல்போன மூன்று ராத்திரி.
நல்ல காற்று.

சமையல்கட்டில் ஒரு கையால் கிளறிக்கொண்டு
நான் பேசியதெல்லாம்
இந்த ஊரில்தான் கிடக்கிறது.
குடும்பம் நடத்திய இடத்தை
இப்போதுதான் பார்க்கிறேன்,
பட்டுப்புடவையின் கரை நனைய.

நாலரைக்கே எழுந்துவிடுகிறார்.
இருட்டிலேயே சட்டை, பெல்ட், ஷூ.
லாரி வராது என்பது
கடைசி முடிச்சில்தான் ஞாபகம் வருகிறது.
அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.
தூங்குவதுபோல் கிடந்து பார்த்தேன்.
போனில் முதுகு வராது.

திருச்சியில் எப்போதும்
கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவள் நான்.
உள்ளே போகிறவர் ஒரே ஒரு தடவைதான்
திரும்பிப் பார்க்கிறார் என்று
பதினாறு வருஷக் கோபம் இருந்தது.
பாஸ்போர்ட், பை, வரிசை, பின்னால் இடிக்கிற ஆள்,
உள்ளே போகிறவர்களுக்கு எவ்வளவு வேலை.
ஒரு தடவைதான் திரும்ப முடிந்தது எனக்கும்.

விமானத்தில் பக்கத்து சீட்டு அம்மா
"வீட்டுக்காரர் வரலையா?" என்றார்.
"இவரு" என்று வாய் தொடங்கியது.
நிறுத்தி,
"அவரு அங்கதான்" என்றேன்.