கடைமடையில் ஒரு தலை

தோப்புத்துறைக்குத் தெற்கே
இறால் செத்துக் கைவிட்ட பண்ணை.
குளங்களைத் தூர்த்து, கரைகளை உருட்டி
ஒரு வளையம் போட்டிருக்கிறார்கள்.
மாதத்தில் ஒரு ஞாயிறு கார்கள் சுற்றும்.
காவிரி இவ்வளவு தூரம் வருவதென்றால்
கடன் கேட்க வந்தவன் மாதிரி
தயங்கித் தயங்கி வரும், வராமலும் போகும்.
வேகம் என்று எதையும் பார்த்திராத மண்.

நான் ஓட்டுவதில்லை.
மற்ற நாளெல்லாம் நாகப்பட்டினத்தில்
சி.டி. ஸ்கேன் எடுப்பவள்.
இங்கே எனக்கு ஒரு பிளாஸ்டிக் மேசை,
ஒரு டார்ச், ஒரு சுருள் பச்சை ஸ்டிக்கர்.
ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தேதி பார்ப்பேன்.
கழுத்துக் காப்பைத் தோளில் வைத்து
அதன்மேல் வாரை இறுக்கி
இரண்டு பட்டையையும்
காதுக்குப் பின்னால் குமிழில் மாட்டினால்
டக்.
இன்னொரு டக்.
இரண்டும் கேட்டால்தான் ஸ்டிக்கர்.

நுகத்தடியா மேடம், என்று சிரிப்பார்கள்.
ஆமாம், நுகத்தடிதான்.
வார் உடம்பைப் பிடித்துக்கொள்ளும்,
தலையை யார் பிடிப்பது?
திருத்துறைப்பூண்டி பஸ் சடாரென்று நின்றால்
கூடை மடியிலேயே இருக்கும்,
தக்காளி மட்டும்
டிரைவர் காலடி வரைக்கும் போகும்.

இதுவரைதான் சொல்வேன்.
மண்டை கழுத்தில் உட்காருகிற இடத்தில்
தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு
திரையில் தெரியும்போது
கதவுக்கு வெளியே யாரோ
டோக்கன் நம்பர் கேட்டுக்கொண்டிருப்பதை
இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

நஜுமுதீன் போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்தவன்.
கார் புதுசு, காப்பு புதுசு,
ஹெல்மெட் மட்டும் தம்பியுடையது.
குமிழ் இல்லாத ஹெல்மெட்.
அதனால் என்ன,
லேத்து பட்டறையில் கொடுத்து
இரண்டு பக்கமும் துளை போட்டு
டிராக்டர் போல்ட்டு முடுக்கியிருந்தான்.
"இழுத்துப் பாருங்க, யானை கட்டலாம்."

இழுக்கவில்லை.
போல்ட்டைக் கழற்றச் சொன்னேன்.
ஹெல்மெட்டைச் சூரியனுக்குக் காட்டினேன்.
உள்ளே, மூளை இருக்க வேண்டிய இருட்டில்
நெல்மணி அளவில்
இரண்டு வெளிச்சம்.

அவன் கத்தினான்.
ஐயாயிரம் கட்டியிருக்கேன் என்றான்.
கழுத்து என்னுது என்றான்.
பைக்கில் வர்றவன் தலையில
துண்டு கட்டிட்டு வேளாங்கண்ணி போறான்,
அவனை நிறுத்துங்க முதல்ல, என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஸ்டிக்கரும் இல்லை.

மாலை வரை மூன்றாவது வளைவில்
மஞ்சள் கொடியோடு நின்றான்.
யாரும் சொல்லாமலே போய் நின்றான்.
ஒவ்வொரு கார் வரும்போதும் அவன் கழுத்து
வலமிருந்து இடம்,
வலமிருந்து இடம்.
நாலரை மணிக்கு வீரசேகரன் கார்
பிரேக் பிடிக்காமல் உப்பு மேட்டில் மோதியது.
புழுதி அடங்குவதற்குள் நஜுமுதீன் ஓடினான்.
வீரசேகரன் தானாக இறங்கி
காப்பைக் கழற்றாமலே
ரேடியேட்டரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான்.
பட்டை இரண்டும் தோளில் ஆடின.

போகும்போது நஜுமுதீன் மேசைக்கு வந்தான்.
எதையும் பற்றிப் பேசவில்லை.
ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"துளையை அடைச்சுட்டா?"
"முடியாது."
"அப்ப இதை என்ன பண்றது?"
"செடி வையுங்க. வடிகால் இருக்கே."

அடுத்த மாதம் புது ஹெல்மெட்டோடு வந்தான்.
குனிந்து மாட்டினேன்.
டக்.
டக்.
"முல்லைப் பதியன் வெச்சேன்" என்றான், கண்ணாடிக்குள்ளிருந்து.
"பட்டுப்போச்சு. போர் தண்ணி உப்பு."
தலையாட்டப் பார்த்தான்,
பட்டை விடவில்லை.