நாற்பத்தொன்றாவது நிமிடம்

ஜனவரி என்றால் இங்கே கோடை.
வால்பரைசோவில் மூன்று வாரம்,
இருபத்திரண்டு பேர், ஒரே ஒரு காபி இயந்திரம்.
கடலைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம்
கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள்,
திரை தெளிவாகத் தெரியவேண்டுமாம்.

முதல் நாள் ஆளுக்கொரு நரம்பணு செய்தோம்.
ஓட்டை வாளி, அவ்வளவுதான்.
சொட்டுச் சொட்டாய் மின்னூட்டம் விழும்,
சொட்டுச் சொட்டாய் ஒழுகும்,
விழுவது ஒழுகுவதை மிஞ்சினால்
விளிம்பில் ஒரு துடிப்பு.
பிறகு காலி. பிறகு மறுபடி.
என்னுடையது துடிக்கவே இல்லை.
நள்ளிரவு வரை நிரலைக் குடைந்து பார்த்தால்
எங்கோ ஒரு கழித்தல் குறி கூடுதல்.
"அதற்கும் தூக்கம் வருகிறது, விடு" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான் இதலேசியு,
ரெசிஃபேக்காரன், குறட்டையில் தாளம் தவறாதவன்.

இரண்டாம் வாரம் எல்லோர் கையிலும் ஒரே கோப்பு.
எலி பதினேழு. தூங்கும்போது பதிந்தது.
ஹிப்போகேம்பஸில் அறுபத்து நான்கு மின்முனைகள்,
ஒரு மணி நேரம்.
நாற்பத்தொன்றாவது நிமிடத்தில்
அறுபத்து நான்கு கோடும் ஒன்றாய் எழும்பும்,
பதினொரு நொடி.
அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் படுத்துக்கொள்ளும்.

பெயர் வைக்கப் போட்டி போட்டோம்.
இதலேசியுவுக்கு அது கனவு:
பகலில் ஓடிய பாதையை எலி
ஒரே மூச்சில் திரும்ப ஓடுகிறது.
ஹவானாவிலிருந்து வந்த ஒடாலிஸுக்கு
வலிப்பின் வாசற்படி.
நான் இயற்பியல் படித்தவன்.
நீர் பனியாவதுபோல் ஒரு நிலைமாற்றம் என்றேன்,
நான்கே சமன்பாட்டில் அந்த அலையை
வரவழைத்தும் காட்டினேன்.
பொருத்தம் தொண்ணூற்றாறு விழுக்காடு.
அன்று மலையிலிருந்து இறங்கும் கம்பிவடப் பெட்டியில்
தெரியாதவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னேன்.

நயாரெத் கத்ரிலெயோ கடைசி வரிசை.
தெமுகோவில் ஆய்வக எலிகளைப் பார்த்துக்கொள்பவள்,
நிரல் எழுதக் கற்க வந்தவள்.
மூன்று நாள் வாய் திறக்கவில்லை.
நான்காம் நாள் தேதி கேட்டாள்.
கோப்பின் தலையிலேயே இருந்தது,
நாங்கள் யாரும் படிக்காத வரியில்:
ஆகஸ்ட் ஒன்பது, அதிகாலை மூன்று இருபது.
"நான்தான் பதிந்தேன்.
அது நிலநடுக்கம்."

குளிர்சாதனம் ஓடுவது அப்போதுதான் கேட்டது.

"சின்னதுதான். ஐந்து இருக்கும்.
மேசை ஆடியது, கம்பி ஆடியது.
குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.
குறிப்பேட்டை யார் பதிவேற்றுவார்கள்?"

எங்கள் நாட்டில் நிலம் நடுங்கி நான் பார்த்ததில்லை.
உருகுவே தோசைக்கல் மாதிரி தட்டை.
என் தொண்ணூற்றாறு விழுக்காட்டைப் பார்த்தேன்:
ஒரு கம்பி ஆடியதற்கு
எவ்வளவு அழகான விளக்கம்.

ஒடாலிஸ்தான் கேட்டாள், எலி விழித்ததா?
"இல்லை. அடங்கும்வரை
கூண்டின்மேல் கை வைத்து நின்றேன்."

எல்லாக் கோட்டுக்கும் பொதுவானதைக் கழித்தோம்.
இரவு ஒன்றரை ஆனது.
மிச்சத்தில், மெல்லியதாய், வழக்கமான வேகத்தில்
எலி பதினேழு தூங்கிக்கொண்டிருந்தது,
பதினொரு நொடியும்.
இதலேசியு எதற்கோ கைதட்டினான்.

கடைசி நாள் அதைத்தான் நான் படமாகக் காட்டினேன்.
மூன்றாவது படத்தில்
விளக்குகள் ஆடத் தொடங்கின.
நான் மேசைக்கடியில் இருந்தேன், எப்படிப் போனேனோ தெரியாது.
இந்த ஊர்க்காரர்கள் விட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்கள்,
ஒருவர் காபிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்.
நயாரெத் எழுந்து வந்து
என் மடிக்கணினிமேல் கை வைத்து நின்றாள்.

சட்டையைத் தட்டிக்கொண்டு நான் எழுந்தபோது
பேராசிரியர் இத்துர்ராவின் கை உயர்ந்திருந்தது.
நல்ல படம், என்றார்.
செங்குத்து அச்சில் அலகு எங்கே?