எழுபத்தெட்டு மீட்டர்

முப்பந்தலில் காற்று நின்ற நாளில்தான்
எங்களுக்கு ஏற அனுமதி.
ஆரல்வாய்மொழிக் கணவாய் இன்று
வெயிலை மென்றபடி கிடக்கிறது.
இறக்கைகளைப் பூட்டிவிட்டு
இடுப்புப் பட்டையைக் கம்பியில் கொளுவி
முதல் படியில் கால் வைத்தேன்.
இருநூற்று எழுபத்தொன்பது படி.
லிஃப்ட் இல்லை, பழைய மாடல்.

ஐம்பதாவது படியில் தொடை பேச ஆரம்பிக்கும்.
நாகர்கோவிலில் விலங்கியல் படித்தவள் நான்.
அது பேசுகிற மொழி கொஞ்சம் தெரியும்.

ஏடிபி.
அடினோசினுக்குப் பின்னால் மூன்று பாஸ்பேட்.
மூன்றிலும் எதிர்மின்சுமை.
ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில்
நெருக்கி உட்கார்ந்து
முகத்தைத் திருப்பிக்கொண்ட
மூன்று சம்பந்திகள்.

பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வரும் என்று
கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்.
அதை அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.
எதை உடைக்கவும் செலவுதான்.
கடைசி ஆள் இறங்கியதும்
தண்ணீர் ஓடிவந்து சுற்றி நிற்கிறதே,
மற்ற இருவரும் காலை நீட்டிக்கொள்கிறார்களே,
அந்த ஆசுவாசத்தில் இருக்கிறது லாபம்.

நூற்றுப் பத்து. இரண்டாம் மேடை.
பையிலிருந்து ஒரு மட்டிப்பழம்.
கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம்,
உரித்ததும் கோபுரத்துக்குள் எண்ணெய் நாற்றம் பின்வாங்கியது.
இதுவும் உடனே காசாகாது.
செல்லுக்குள் போய்
முதலில் இரண்டு ஏடிபி கேட்கும்.
கொடுத்தால் நான்கு.
பொறுத்திருந்தால் முப்பது வரை.
காத்தாடிக்கும் அதே குணம்:
காற்று வரும் பக்கம் தலை திருப்ப,
பிரேக் விட,
முதல் கரண்டு வாரியத்திடம் கடன்.

"இவ்வளவு காத்தாடி சுத்துதே,
கரண்டை எங்க சேத்து வைக்கிய?"
டீக்கடையில் கேட்பார்கள்.
சேர்ப்பதில்லை.
சுற்றும்போதே போய்விடும்.
என் உடம்பிலும் எந்த நேரமும்
கைப்பிடிக்கு மேல் இருப்பு இல்லை.
ஆனால் இன்று இரவுக்குள்
என் எடைக்குச் சமமான ஏடிபி
உடைந்து கூடி உடைந்து
கணக்கு முடியும்.

தொடைக்குள் கண்ணுக்குத் தெரியாத காத்தாடிகள்.
சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான் நெரிசல்,
மறுபக்கம் காலி,
நடுவில் ஒரு கணவாய்.
நுழைகிற வேகத்தில் அச்சு திரும்புகிறது.
ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி.
இங்கே மூன்று இறக்கை.
இப்படிப் பொருந்துவதை நான் நம்புவதில்லை.
சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இருநூறு.
போன ஆனியில் இந்த உச்சியில்தான்
ஏசுவடியான் அண்ணன்
கியர் பெட்டியில் சாய்ந்தபடி நெஞ்சைப் பிடித்தார்.
திடீரென எழுந்த காற்று
ஐந்து மணி நேரம் எங்களைக் கீழேயே நிறுத்தியது.
கயிற்றில் இறக்கியபோது
வலது கை இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனரில்
மடங்கியே இருந்தது.
"உசுரு போயும் வேலைய விடல்ல பாரு"
என்று அழுதான் ஷிபின்.

நான் வாய் திறக்கவில்லை.
தசையின் இழையில் மயோசின் பற்றும், இழுக்கும்.
பிடியை விடத்தான்
புதிதாக ஒரு ஏடிபி வந்து ஒட்ட வேண்டும்.
வராவிட்டால்
பிடி பிடியாகவே நிற்கும்.
அது வேலைப்பற்று அல்ல, ஷிபினே.
சில்லறை தீர்ந்த கை.
ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

இருநூற்று அறுபது.
கை படியை விடுகிறது.
அடுத்ததைப் பிடிக்கிறது.
விடுகிறது.

மூடியைத் தள்ளினால் வானம்.
தோவாளைப் பக்கம் பூந்தோட்டங்கள் கைக்குட்டை அளவில்.
வாக்கி டாக்கி கரகரத்தது:
"அக்கா, காத்து கிளம்புது, சட்டுனு முடிங்க."
போல்டு ஒவ்வொன்றாக முறுக்கினேன்,
அதே இருபத்துநாலு.

பையில் இன்னும் ஒரு மட்டிப்பழம் இருக்கிறது.
இறங்கவும் வேண்டுமே.