நாலு மணிக்குப் பிறகு

துணைக்கு ஒருவர் வருவார் என்றது சுற்றறிக்கை.
துணை என்றால் தணிக்கை,
இருபத்திரண்டு வருட சர்வீஸ் எனக்குச் சொல்லித் தந்தது அது.
ஆகவே கழிப்பறைக்கு பினாயில்,
கோப்புகளுக்குப் புது அட்டை,
சத்துணவுக்கூடத்துப் பூனைக்கு
ஒருநாள் நாடுகடத்தல்.

வாலிநோக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள் ருகையா.
அங்கே அவளும் ஒரு தலைமையாசிரியை.
என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள், மணல் கொட்டியது.
கோப்புகளைத் தொடவில்லை.
தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு
"எங்க ஊரைவிட உப்பு கம்மி" என்றாள்.
அப்புறம்,
"நாலு மணிக்குப் பிறகு யார்கிட்ட டீச்சர் பேசுவீங்க?"

மோட்டாரிடம்.
அவளிடம் சொல்லவில்லை.
தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும் அந்த மோட்டாரை
ஐந்து நிமிடம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான்
தினமும் ராம்நாடு பஸ்ஸுக்கு நடப்பேன்.

இரண்டாம் முறை வந்தபோது கொட்டிவிட்டேன்.
நாலாம் வகுப்பில் ஏழு பெண்பிள்ளைகள்
எப்போது வருவார்கள், எப்போது நிற்பார்கள், தெரியாது.
முனியராஜ் சார் மணியடித்த பிறகுதான் வருகிறார்.
வருகையை ஏற்ற டவர் கிடைக்காமல்
கொடிக்கம்ப மேடையில் ஏறி
போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறேன்.
என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

சொல்லவில்லை.
எவ்வளவு நேரம் என்றால்,
வெளியே கருவேலத்தில் கட்டியிருந்த ஆடு
மரத்தையே சுற்றிச் சுற்றிக் கயிறு முழுவதையும் தீர்த்து
கழுத்து இறுகி நின்றது.
நான்தான் எழுந்துபோய் அவிழ்த்துவிட்டு வந்தேன்.

"எந்த நாட்கள்?" என்றாள்.

கோபத்தோடுதான் பதிவேட்டைப் புரட்டினேன்.
ஜூலையில் ஒரு கூட்டம் ஆப்சென்ட், அப்புறம் சுத்தம்,
மறுபடி ஒரு கூட்டம்.
ஆகஸ்டிலும் அப்படியே.
சுவரிலிருந்து காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
அமாவாசை. பௌர்ணமி. அமாவாசை.

தாய்கள் தீவுப்பக்கம் பாசி எடுக்கப் போகும் நாட்கள்.
கைக்குழந்தைகளோடு வீட்டில் இவர்கள்.
சின்ன ஏர்வாடி முழுக்கத் தெரியும்,
சமையல் நம்புத்தாய்க்குத் தெரியும்.
நாலு மாதமாய் நான் போட்ட கையெழுத்துக்கு
நேர் மேலே இருந்திருக்கிறது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"
"பாசி தெரியும். உங்க ஏழு பேரைத் தெரியாது."
கொஞ்சம் கழித்து,
"எங்க ஸ்கூல்ல ரெண்டு பிள்ளைங்க பேரை நீக்கினேன்.
அப்ப எந்த நாள்னு என்கிட்ட யாரும் கேக்கலை."
அவள் சொன்ன விதத்தில்
காலண்டரை மெல்லக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது பாசி நாட்களில்
ஐந்து பேர் இடுப்பில் தம்பி தங்கையோடு வருகிறார்கள்.
இரண்டு பேர் இன்னும் வரவில்லை.
ஒரு குழந்தை
பதிவேட்டின் ஓரத்தைத் தின்றுவிட்டது.
அதை ஆன்லைனில் ஏற்றக் கட்டம் இல்லை.

நேற்று நாலு மணிக்கு
முனியராஜ் சார் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.
ஏன் சார் தினமும் லேட்டு,
தொண்டைவரை வந்துவிட்டது.
விழுங்கிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
"எந்த நாள் சார் ரொம்பக் கஷ்டமா இருக்கு?"

அவர் உட்காரவில்லை. வாசலைப் பார்த்தார்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
மோட்டார் காற்றை இழுத்து இருமியது.
பஸ் போகும் சத்தம் கேட்டது.
அடுத்தது
ஆறேகாலுக்கு.