அவுன்ஸுக்கு இரண்டரை

துலூத் நகரில் மைனஸ் இருபத்தொன்று.
மீன் ஆலையின் துடைப்ப அறையில்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
ஜனெல் ஹாகன் கறக்கிறாள்.
(பம்பு செய்யும் வேலைக்கு
வேறு வினைச்சொல் தேடினேன்,
மாட்டுக்கு வைத்ததுதான் கிடைத்தது.)
இடைவேளை பதினைந்து நிமிடம்.
பன்னிரண்டிலேயே கதவைத் தட்டுவான் சூப்பர்வைசர்.

பால் வங்கிக்கும் போய்ப் பார்த்தாள்.
ரத்தம் எடுத்தார்கள், நாற்பது கேள்விகள்,
எல்லாம் சரி, தானமாகத் தாருங்கள் என்றார்கள்,
நன்றிக் கடிதம் வரும்.
வீட்டுக்காரர் நன்றிக் கடிதம் வாங்குவதில்லை.

ஆகவே போனில் ஒரு விளம்பரம்:
அவுன்ஸுக்கு இரண்டரை டாலர். புகை இல்லை, குடி இல்லை.
முதலில் எழுதியவன் உடற்பயிற்சிக்காரன்,
தசைக்கு நல்லதாம், மூன்று தருகிறேன் என்றான்.
அடுத்தவன் படம் கேட்டான்.
இருவரையும் தடுத்துவிட்டுப்
பாத்திரம் கழுவப் போனாள்.

முலைவிலை என்று பழைய சொல் ஒன்று உண்டு,
பெண் கேட்டு வந்தவன்
அவள் வீட்டாருக்குத் தந்த பரிசம்.
அதில் அவளுக்கென்று ஒரு காசும் இல்லை.
இது நேராக அவள் கணக்கில் ஏறுகிறது.
அதற்காக இதை முன்னேற்றம் என்று எழுதக்
கை வரவில்லை.

நில்ஸ் குடித்தது போக மிச்சம்தான், என்பாள்.
ஜனவரியில் ஹீட்டர் கட்டணம் வந்தது.
அப்புறம் மிச்சம் முதலில் நிறைந்தது,
நில்ஸுக்கு டப்பா மாவு.

டூசானில் வெயில்.
பெட்டி டென்வரில் ஒன்றரை நாள் கிடந்துவிட்டு
எஃப்ரைன் குவேவாஸ் வீட்டு வாசலில் இறங்கியது.
உலர்பனி போய்விட்டிருந்தது.
ஓரத்துப் பைகள் தொட்டால் நெளிந்தன,
நடுவில் இருந்தவை கல்.
அவற்றை ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டு
நெளிந்ததில் ஒன்றைக் கத்தரித்து
தானே ஒரு மடக்கு குடித்துப் பார்த்தான்.
இனிப்பு. கொஞ்சம் சோப்பு.
இதில் என்ன தெரியும்?
தண்ணீர் கலந்தால் நாக்குக்குத் தெரியலாம்,
கிருமி கலந்தால்?

உள்ளே லிடியா தூங்குகிறாள்.
கீமோவின் மூன்றாம் சுற்று.
தனக்குள் ஓடும் மருந்து
இனெஸுக்கு ஒரு சொட்டும் போகக்கூடாதென்று
அவள்தான் இதை ஆர்டர் செய்தாள்.
டாக்டர் வேண்டாம் என்றார்,
மாவே போதும், யார் வீட்டுப் பாலோ, என்றார்.
இனெஸ் மாவைக் கக்கினாள்.
வேறு மாவு மாற்றுங்கள் என்றார்.
அதையும் கக்கினாள்.

இரவு மூன்று மணிக்கு எழுதினான்:
மன்னிக்கவும், நீங்கள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?

விற்பவளும் விழித்திருந்தாள்.
மூன்று புள்ளிகள் துடித்தன,
சரிந்து படுத்த ஆய்த எழுத்துப்போல்.
நின்றன.
மறுபடி துடித்தன.

நவம்பரில் பதினோரு நாள், என்று வந்தது.
மனசுக்கு.
இடையில் யாரும் கேட்கவில்லை.
தேதிகளை அனுப்புகிறேன், பணத்தைத் திருப்புகிறேன்,
ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

அவன் நெளிந்தவற்றை ஸிங்க்கில் ஊற்றினான்.
பிறகு கல்லாய்க் கிடந்தவற்றை
மேசைமேல் பரப்பித் தேதி தேடினான்.
நீல மையில் ஒரே கையெழுத்து,
ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் ஒரு கோடு.
நவம்பர் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.
பத்துதான் இருந்தன.

பதினோராவது எங்கே?
திறந்திருக்கவே மாட்டாள்,
அனுப்பியே இருக்கமாட்டாள்,
அல்லது போன வாரம் இனெஸ்
முதன்முறையாகக் கக்காமல் தூங்கினாளே
அந்த இரவு.

உள்ளே அழுகை தொடங்கியது.
டிசம்பர் ஒன்பது என்று எழுதிய பையை
வெந்நீர்க் கிண்ணத்தில் இறக்கிவிட்டு
அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டு நின்றான்,
ஏழைத் திருத்தி எழுதியதுபோல் இருந்தது,
இல்லாமலும் இருந்தது.