தீர்மான நோட்டு

கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு,
சுற்றறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.
மூன்று மணிக்கு சாமுண்டீஸ்வரி
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
அப்பர் தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.
வந்தால் அரை நாள் கூலி போச்சு.
சூப்பர்வைசரிடம் மாமியாரை
இரண்டு தடவை சாகடித்தாயிற்று.
மூன்றாம் தடவை அவர் மாலையோடு கிளம்பிவிடுவார்.

நான் கணக்கு வாத்தியார்.
மேலாண்மைக் குழுவின் நோட்டு என் பொறுப்பு.
அவள் பேசுவாள், நான் எழுதுவேன்.
நடுவில் பாலாறு மாதிரி ஒன்று,
பாலம் உண்டு, தண்ணீர் கிடையாது.

தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும் என்று
தலைமையாசிரியை வாசித்த அன்று
நாற்பது அம்மாக்கள் வந்திருந்தார்கள்.
முப்பத்தொன்பது பேர் தரையைப் பார்த்தார்கள்.
இவள் மட்டும் அண்ணாந்து
கூரையில் ஒழுகிய கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தலை நிமிர்ந்திருந்ததால் தலைவர்.

படிவத்தில் கல்வித் தகுதி என்றொரு கட்டம்.
"எட்டாவது சார். ரெண்டு வாட்டின்னு எய்துங்க,
ரெண்டு வருசம் உக்காந்து படிச்சேன் அத்த."
கட்டம் சின்னது.
எட்டு என்று மட்டும் எழுதினேன்.

முன்னாள் மாணவர் இடத்தில் ஹவில்தார் இருசப்பன்,
கம்மவான்பேட்டையில் பெண் எடுத்தவர்,
உட்கார்ந்திருந்தாலும் அட்டென்ஷனில் இருப்பார்.
"பெயில் போடணும்மா. எட்டு வரைக்கும் தள்ளிவிட்டா
பயம் எப்படி வரும் பசங்களுக்கு?"

"எனக்குப் போட்டாங்க அண்ணா.
பயம் வந்துச்சு.
கணக்கு வரல.
அப்பறம் கம்பெனி பஸ்சு வந்துச்சு."

ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.
நான் எழுதினேன்:
தேர்ச்சி முறை குறித்து விவாதிக்கப்பட்டது.

இருபது பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளைச் சேர்த்துவிடலாமா
என்று ஒன்றியத்திலிருந்து ஒரு கேள்வித்தாள்.
அவள் பதில், "ஆளில்லன்னு பஸ்ச நிறுத்துவாங்க,
பஸ்சில்லன்னு ஆள் வராது."
எழுதினேன்: பரிசீலிக்கலாம்.
இங்கிலீஷ் மீடியத்துக்குத் தன் சின்னவனை மாற்றச் சொன்னாள்,
தமிழ் மீடியத்தை மூடக்கூடாது என்றும் சொன்னாள்.
இரண்டும் எப்படி என்றார் ஹவில்தார்.
"ரெண்டு புள்ள கீது எனக்கு" என்றாள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"போன வாரம் ஆறாங்கிளாஸ் பசங்களக் கேட்டேன் சார்.
எட்டு மணி நேரத்துல இருநூத்தி நாப்பது ஜோடி,
மணிக்கு எத்தினின்னு.
பதினஞ்சு பேர்ல நாலு பேர் சொன்னாங்க.
மீதிப் பதினோரு பேருக்கு வகுக்கத் தெரியல.
அதையும் எய்துங்க.

நான் எட்டாவதுல உட்டது அந்த வகுத்தல்லதான்.
இஸ்கூல்ல வரல. டார்கெட் போட்டாங்க பாரு,
மிஷின் முன்னாடி ஒரே வாரத்துல வந்துருச்சு.
எங்க பசங்களுக்கு அப்பிடி வரக்கூடாது."

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
தலைமையாசிரியை சன்னலைப் பார்த்தார்.
ஹவில்தார் முதல் முறையாக முதுகைச் சாய்த்தார்.
பேனாவை உதறினேன். மை இருந்தது.

எழுதினேன்: கணிதக் கற்றல் அடைவினை
மேம்படுத்த நடவடிக்கை எடுக்கப்படும்.

நோட்டைத் தன் பக்கம் இழுத்து
ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள்,
ஊசி குத்தித் தழும்பேறிய விரல்.
"இதுல நான் சொன்னது எங்க கீது சார்?"

அடித்தேன். மறுபடி எழுதினேன்.
பதினைந்தில் பதினொன்று.
என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக
அதற்கு முன் இருந்ததில்லை.

சாமுண்டீஸ்வரி என்று முழுதாய்ப் போட்டாள்.
ஸ்வரி கட்டத்தைத் தாண்டி
என் பதவிப் பெயரின் மேல் ஏறி நின்றது.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றக் கேட்டு
கடைசியாக ஒரு தீர்மானம் அனுப்பினோம்.
விதிகளில் இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது.
அடுத்த மாதம்
மாமனார்.